வேலையும் வேண்டும், வெளியூரும் வேண்டும்

நமது ஊர்க் கடைத்தெருவில் சில நாள்களில் அயல்நாட்டுக் கப்பல்காரர்களைக் காண்கிறோம். மூவர், நால்வராகச் சேர்ந்து வருவார்கள். மக்ரூன் வாங்குவார்கள், பனிமய மாதா பேராலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், துறைமுகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இவர்களை வேலைக்காரர்கள் என்பதா, சுற்றுலாப் பயணிகள் என்பதா? இரண்டும்தான். வேலைக்கென்று வந்தவர்கள், கிடைத்த நேரத்தில் ஊரையும் பார்த்துப் போகிறார்கள்.

இப்போது கணினியில் வேலை செய்வோரும் இவ்வாறே செய்யத் தொடங்கியிருக்கின்றனர். மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், ஓஸ்லோ போன்ற நகரங்களுக்கு நான்கைந்து நாள் செல்கின்றனர். அங்கிருந்தபடியே அலுவலக வேலையை முடித்து, மீதி நேரத்தில் ஊர் சுற்றுகின்றனர். இதைப் பெரும் புதுமை என்று சிலர் மெச்சுகின்றனர். வேலையை ஏய்க்கும் வழி என்று சிலர் ஏசுகின்றனர். முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்த நாங்கள் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. வேலையையும் பயணத்தையும் இணைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே வரப்பு இருக்க வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

புதுமை அல்ல என்பதற்கு நமது பழைய துறைமுகமே சாட்சி. அங்கிருந்து சரக்கேற்றி மாலத்தீவுக்குச் செல்லும் தோணிகளை அறியாதவர் நம்மில் யார்? சரக்கு இறங்கி முடியும் வரை தண்டலும் தோணிக்காரர்களும் அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். அங்குள்ள கடைகள், மனிதர்கள், பேச்சு, சாப்பாடு எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். வேலைதான் அவர்களுக்கு வெளிநாட்டைக் காட்டியது.

ஸ்காண்டிநேவியாவும் நமக்கு அந்நியமன்று. டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளையே அப்பெயரால் அழைக்கிறோம். 1620-ஆம் ஆண்டிலேயே டென்மார்க் நாட்டவர் நமது தரங்கம்பாடிக்கு வணிக வேலையாக வந்து கோட்டை கட்டினர். அவர்கள் இங்கு வந்தார்கள். இன்று நம்மவர் அங்கு போகிறார்கள்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் இருவர் சுவீடனைக் கண்டவர்கள். ஒருவர் அவளுடைய தந்தை, கப்பலில் பணிபுரிகிறார். மற்றவர் அவளுடைய அக்கா. சென்னையிலுள்ள நிறுவனமொன்றுக்காக வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறார். தந்தையின் கப்பல் ஒரு முறை ஸ்காண்டிநேவியாவின் மிகப் பெரிய துறைமுகமான கோதன்பர்க்கில் நின்றது. அவருக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். அக்கா அலுவலக அனுமதியுடன் டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோம் சென்று ஐந்து நாள் தங்கினார்.

இருவரில் யார் அதிகம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தந்தை அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசுவார். டிராம் வண்டியில் ஏறியது, ரொட்டிக் கடையின் ஏலக்காய் மணம், மொழி தெரியாமலே வழி சொன்ன மூதாட்டி என்று எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. அக்காவிடம் கேட்டால், "அறை ஜன்னல் வழியாக ஒரு கோபுரம் தெரிந்தது" என்கிறார்!

காரணத்தை ஒரு கணக்கே சொல்லிவிடும். குளிர்காலத்தில் சுவீடனின் நேரம் நம் நேரத்துக்கு நாலரை மணி பின்தங்கியது. இங்கே காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை என்றால், அங்கே விடியற்காலை 5 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் ஊர் பார்க்க மிஞ்சுவது ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்திலும் "ஒரே ஒரு நிமிடம்" என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்ததாம்.

அதே பயணத்தை ஜூன் மாதத்தில் வைத்திருந்தால்? கோடையில் வித்தியாசம் மூன்றரை மணியே. காலை 6 மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் 3 மணிக்கு முடிந்துவிடும். சூரியன் மறைவதோ இரவு 10 மணி சுமாருக்கு! ஏழு மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும். பதினான்கு தீவுகளின் மேல் அமைந்த அந்நகரைப் படகிலேயே சுற்றி வரலாம்.

அங்கே வாசா என்னும் போர்க்கப்பலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. 1628-இல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்து மூழ்கிய அந்த மரக்கப்பலை 1961-இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதே 1961-இல்தான் நமது கடலில் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது. தோணிகளுக்கு நடுவே வளர்ந்த தூத்துக்குடிப் பெண், ஐந்து நாள் அவ்வூரில் இருந்தும் அந்தக் கப்பலைப் பார்க்காமல் திரும்பினார் என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

தந்தைக்கு வாய்த்ததும் அக்காவுக்கு வாய்க்காததும் வரப்புதான். கப்பற்பணிக்குச் சர்வதேச விதி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு என்ற அளவு அதில் இருக்கிறது. பணிக்கு இடையூறில்லாத வகையில், உடல் நலத்துக்காகவும் மன நலத்துக்காகவும் கரை இறங்க விட வேண்டும் என்றும் அது கூறுகிறது. கரை இறங்குவது ஆடம்பரமன்று என்பதை 2020-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. கொரோனாவால் ஏறக்குறைய 4,00,000 கப்பல்காரர்கள் பணிக்காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கடலிலேயே தவித்தார்கள். நம் ஊரிலும் பல வீடுகளில் அந்தக் கண்ணீர் இருந்தது.

கணினி வேலைக்காரரின் வரப்பையோ அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் வேலையும் கெடும், பயணமும் கெடும். ஆகவே போவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முதலாவது, வேலை நேரம் எது, அழைக்கக் கூடாத நேரம் எது என்று அலுவலகத்துடன் எழுத்து மூலம் பேசிக்கொள்வது. இரண்டாவது, ஒரு நாளாவது முழு விடுப்பு எடுப்பது. மூன்றாவது, சட்டத்தை அறிவது. இந்நாடுகளுக்கான குறுகிய கால ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் வரையே தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. சுற்றுலா விசா என்பது வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. எனவே அங்கிருந்து மடிக்கணினியில் வேலை செய்வதையும் மறைக்காமல் தூதரகத்தில் கேட்டுத் தெளிந்த பின்பே புறப்பட வேண்டும்.

இதில் எங்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று பெற்றோர் கேட்கலாம். சொல்கிறோம். இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தவர்கள் ஆண்கள். பெண்கள் வழியனுப்பினார்கள், காத்திருந்தார்கள். கப்பற்பணியில் பெண்கள் இன்றும் மிகச் சிலரே. ஆனால் கணினி வேலை எங்களுக்கும் எட்டும். 2024 டிசம்பர் இறுதியில் நமது தூத்துக்குடியிலேயே டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டுவிட்டது. தந்தைக்குக் கப்பல் காட்டிய உலகத்தை மகளுக்கு அவளுடைய வேலை காட்டக் கூடும்.

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இது. நாளை உங்கள் மகள் சொந்தச் சம்பாத்தியத்தில் ஐந்து நாள் வெளிநாடு போக வேண்டும் என்று கேட்டால், "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று தடுக்க வேண்டாம். எங்கே தங்குவாய், எத்தனை மணிக்கு வேலை முடியும், எதைப் பார்ப்பாய் என்று கேளுங்கள். மகனிடமும் அதையே கேளுங்கள்.

அந்த அக்கா வரும் ஜூன் மாதத்தில் மீண்டும் ஸ்டாக்ஹோம் போகப் போகிறாராம். இம்முறை இரண்டு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்ததும் வாசா கப்பலைப் பற்றி எங்கள் வகுப்புக்கு வந்து சொல்வதாக வாக்களித்திருக்கிறார். நாங்கள் கேள்விகளை இப்போதே எழுதி வைத்துவிட்டோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி