சேட்டைக்கு நம்மிடம் சொல் இல்லையா?



போன மாதம் குடும்பத்தோடு செஞ்சிக்குப் போயிருந்தேன். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரி அடிவாரத்தில், எங்களுக்கு முன்னால் போன பெண்ணின் கையிலிருந்த முறுக்குப் பாக்கெட்டை ஒரு குரங்கு பறித்தது. மதில்மேல் சாவகாசமாக உட்கார்ந்து பல்லால் கடித்துப் பிரித்தது. "இதுங்க அட்ராசிட்டி தாங்கலப்பா!" என்றார் அவர். கல்யாண மகாலைச் சுற்றிச் சுற்றி ஓடிய மகனிடம், "உன் அட்ராசிட்டி அதுக்கும் மேல!" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நம் இதழில் குழந்தைகள் போட்டோ வரும் பக்கத்துக்கும் 'வாண்டுகளின் அட்ராசிட்டி' என்றுதான் தலைப்பு வைத்திருந்தோம்.

ஊர் திரும்பிய வாரம், செஞ்சி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பக்கம் எம் பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும் சார். ஆனா அந்த வார்த்தைய நாங்க மொதமொதல்ல கேட்டது வக்கீல் வாயிலதான். எங்க வீட்டுக்காரர அடிச்ச கேஸ்ல."

எனக்குப் பதில் வரவில்லை.

1989-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது அந்தச் சொல். தமிழில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் (Protection of Civil Rights Act) பழக்கத்தில் ஊர்ப்பக்கம் இன்னமும் 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். பட்டியலின, பழங்குடி மக்களைச் சாதி சொல்லி ஊரறிய இழிவுபடுத்துவது, அவர்கள் குடிக்கும் தண்ணீரை நாசமாக்குவது, நிலத்தைப் பிடுங்குவது, ஊரைவிட்டே விரட்டுவது. அட்ராசிட்டி என்றால் இதுதான். செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற விழுப்புரத்தில், 1978 ஜூலையில் பட்டியலினத்தவர் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு வைக்க வேண்டிய பெயரை முறுக்குத் திருடிய குரங்குக்கு வைக்கலாமா?

இந்தச் சொல் நம் வாயில் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு ஓசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அட்டகாசம், அடாவடி, அட்டூழியம், அழிச்சாட்டியம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், அடுத்து அட்ராசிட்டி தானாக வந்து விழும். நம் வீட்டுப் பிள்ளை மாதிரியே ஒலிக்கிறது!

சொற்கள் பொருள் மாறுவது புதிதில்லை. 'அட்டகாசம்' இன்று பாராட்டாகிவிட்டது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இது அப்படியா? வீட்டில் தினமும் சிரிப்புக்குப் புழங்குகிற சொல், நாளை செய்தியில் வரும்போது நம் பிள்ளைகளுக்கு உறைக்குமா? 'ஏதோ சின்னத் தகராறு போல' என்று தாண்டிப் போய்விட மாட்டார்களா?

குழந்தைகளுக்கென்று சேட்டை, குறும்பு, வாலுத்தனம், லூட்டி, அலப்பறை என எத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கின்றன! எல்லாமே கொஞ்சுகிற சொற்கள்.

அந்த வாசகியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதே மன்னிப்பை உங்களிடமும் கேட்கிறேன். 42-ஆம் பக்கத்தைப் புரட்டுங்கள். இந்த இதழிலிருந்து அதன் பெயர் 'வாண்டுகளின் சேட்டை'. முதல் போட்டோவில், இரண்டு பல் விழுந்த வாயோடு சிரிப்பது அவருடைய மகள்தான்.

அன்புடன்,
ஆசிரியர்