சூடு பட்டால் ஒளி மங்கும் அதிசயப் படிகம்!

1 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு கோடு போடுங்கள். அதன் மீது 1 லட்சம் படிகங்களை வரிசையாக அடுக்கலாம். அத்தனை பொடி! ஆனால் அந்தப் பொடி மீது நீல ஒளி பட்டால், பச்சைப் பசேலென்று பிரகாசிக்கிறது. இதை டெலிவிஷன் திரையிலும் விளக்கிலும் வைத்துவிட வேண்டும் என்று விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். குறுக்கே ஒரு தடை நிற்கிறது. இந்தப் படிகத்துக்குச் சூடு ஆகாது!

ஒளிவிடும் நுண்படிகங்களைக் கண்டுபிடித்து வளர்த்த மவுங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகிய 3 விஞ்ஞானிகளுக்கு 2023-ம் ஆண்டு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. விலை உயர்ந்த டெலிவிஷன்கள் சிலவற்றில் அத்தகைய படிகங்கள் இப்போதே இருக்கின்றன. நாம் சொல்ல வந்தது, அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளையைப் பற்றி.

அது பிறந்தது 2015-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் மக்சிம் கோவலெங்கோ என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் சீசியம், ஈயம், புரோமின் மூன்றையும் சேர்த்து இதைச் செய்தார்கள். புரோமினுக்குப் பதில் அயோடின் சேர்த்தால் சிவப்பு ஒளி. குளோரின் சேர்த்தால் ஊதா! 100 ஒளித்துகள்களை விழுங்கினால், 90 வரை திருப்பித் தந்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் புனே நகரிலும் இந்தப் பச்சைப் படிகத்தின் ஒளியை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

திருவிழாக் கூட்டம்

ஒளி எப்படிப் பிறக்கிறது? படிகத்துக்குள் எலெக்ட்ரான் என்ற மின்துகள் இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அது துள்ளி மேலே ஏறுகிறது. ஏறியது இறங்கத்தானே வேண்டும்? இறங்கும்போது தன்னிடம் உள்ள சக்தியை ஒளியாக விட்டுவிடுகிறது.

ஒரு பெண் குடம் நிறையத் தண்ணீர் எடுத்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தெரு காலியாக இருந்தால் ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு வந்து சேருவாள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் வந்தால்? நாலு பேர் இடிப்பார்கள். பள்ளத்தில் கால் இடறும். தண்ணீர் தரையில் கொட்டும்.

சூடேறிய படிகத்துக்குள் நடப்பதும் இதுதான். அணுக்கள் எல்லாம் வேகமாக அதிர்கின்றன. எலெக்ட்ரான் தடுமாறிப் போய், படிகத்தின் மேற்பரப்பில் உள்ள குறைகளில் விழுகிறது. ஒளியாக வரவேண்டிய சக்தி வெறும் சூடாகிவிடுகிறது. அந்தச் சூடு படிகத்தை இன்னும் கெடுக்கும். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதை!

குளிர வைத்தால் கதை மாறுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ச்சி உள்ள திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்வித்தால், ஒளி கூடுகிறது. நிறமும் கலப்பில்லாமல் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் வீட்டு விளக்கைத் திரவ நைட்ரஜனில் முக்கி வைக்க முடியுமா?

வீட்டு எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருக்கும் சில்லு, 100 டிகிரியைத் தாண்டிச் சூடாவதும் உண்டு. அந்தச் சில்லின் மீதே பொடியைப் பூசினால் என்ன ஆகும்? சில படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பிறகு ஆற வைத்தாலும் பழைய ஒளி திரும்பாது.

சிவப்புப் படிகத்தின் குணம் இன்னும் விசித்திரம். அயோடின் சேர்ந்த அந்தப் பொருள், 300 டிகிரிக்கு மேலேதான் நல்ல வடிவத்தில் நிலைத்து நிற்கிறது. சாதாரண அறையில் வைத்தால், நாளடைவில் மஞ்சளாகி ஒளி இழந்துவிடுகிறது! நுண்பொடியாகச் செய்தால் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும். ஒளி வீசுவதற்குக் குளிர்ச்சி வேண்டும். உருவம் நிலைப்பதற்குச் சூடு வேண்டும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு விஞ்ஞானிகள் விழிக்கிறார்கள்.

பள்ளத்தை அடைத்தார்கள்

2021-ம் ஆண்டு ஒரு நல்ல செய்தி வந்தது. பச்சைப் படிகத்தின் மேற்பரப்பில் புளோரின் சேருமாறு பக்குவம் செய்தார்கள். அணுக்களின் அதிர்ச்சியை நிறுத்த முடியாது. ஆனால் எலெக்ட்ரான் விழும் பள்ளங்களை அடைக்கலாம் அல்லவா? அதைத்தான் செய்தார்கள். அறையின் சூட்டிலிருந்து 100 டிகிரி வரை ஏற்றிப் பார்த்தார்கள். ஒளி குறையவில்லை!

இதை நாம் பாராட்ட வேண்டும். ஆனால் அவசரப்படக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் 100 டிகிரியைத் தாங்குவது ஒன்று. ஒரு குடும்பத்தின் கூடத்தில் ஆண்டுக்கணக்கில், ஈரத்திலும் கோடையிலும் எரிவது வேறு.

வேறு சிலர் சூட்டோடு மல்லுக்கட்டவில்லை. சூட்டைக் காட்டிக்கொடுக்கும் வேலைக்கே படிகத்தை அமர்த்திவிட்டார்கள். இந்தப் படிகத்துக்கு ஓர் உறவு உண்டு. அதில் ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் இருக்கும். அதன் மீது பாய்ச்சிய ஒளியை நிறுத்திய பிறகும், கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரம் அது மினுக்குகிறது. சூடு ஏற ஏற, அந்த மினுக்கும் நேரம் குறைகிறது. அந்த நேரத்தை அளந்தால் சூடு தெரிந்துவிடும். 2019-ல் கோவலெங்கோவின் குழு, ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாக இப்படி அளந்து காட்டியது. பொருளைத் தொடவே வேண்டாம்!

ஈயம் என்ற தொல்லை

சூட்டுப் பிரச்சினை தீர்ந்தாலும், ஈயம் இருக்கிறது. அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பெட்ரோலில் ஈயம் கலப்பதை நம் நாடு 2000-ம் ஆண்டில் நிறுத்தியது. ஐரோப்பிய நாடுகளில் மின்சாதனப் பொருள்களில் ஈயம் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பொதுவாக இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. திரையில் வைக்கும் பொடி மிகச் சொற்பம்தான். ஆனால் உடைந்த டெலிவிஷன் எங்கே போகும்? குப்பை மேட்டுக்கு. மழை பெய்தால் இந்தப் படிகம் தண்ணீரில் சிதைந்து, ஈயம் வெளியே வரும்.

அதனால்தான் ஈயத்தை நீக்கி, வெள்ளீயம், பிஸ்மத் போன்றவற்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளீயத்துக்குக் காற்றுப் பட்டால் ஆகாது. பிஸ்மத்தின் ஒளி, ஈயத்தின் பிரகாசத்தை இன்னும் எட்டவில்லை.