எல்லாக் கோளாறுக்கும் 'பார்மட்' மருந்தாகாது

கணினி திறக்கவில்லை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் சொல் 'பார்மட்'. பக்கத்து வீட்டுத் தம்பி சொல்வார், வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா சொல்வார், சில கடைகளில் பெட்டியைத் திறந்து பார்க்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். பார்மட் என்றால் வன்தட்டில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. பிள்ளையின் பள்ளித் திட்டப்பணி, பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் படங்கள், வீட்டிலிருந்து பலகாரம் விற்பவரின் கணக்கு எல்லாம் அதோடு போய்விடும். பொத்தானை அழுத்தினால் விளக்குகூட எரியாத கணினிக்கும் இதே வைத்தியத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்சாரமே ஏறாத பெட்டியில் வன்தட்டை அழித்து என்ன பயன்?

பொத்தானை அழுத்தியதும் உள்ளே நடப்பதை ஓர் அஞ்சல் ஓட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடுவது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றி, எல்லாம் சீராக இருக்கிறது என்று தாய்ப்பலகைக்குச் சமிக்ஞை தருகிறது. அதன் பிறகுதான் செயலி விழிக்கிறது. தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் எழுதப்பட்ட சிறு நிரலை அது முதலில் இயக்குகிறது. 'பயோஸ்' என்று நாம் அழைப்பது அதைத்தான். அந்த நிரல் ரேமையும் திரையையும் மற்ற பாகங்களையும் சோதித்துவிட்டு வன்தட்டைத் தேடும். விண்டோஸ் ஓடத் தொடங்குவது கடைசிச் சுற்றில். பார்மட் சரிசெய்வதும் அந்தக் கடைசிச் சுற்றில் ஏற்படும் கோளாற்றை மட்டுமே. ஆகவே, கோல் எந்தச் சுற்றில் கீழே விழுந்தது என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் போதும். பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? காற்றாடி சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? அல்லது திரையில் ஏதாவது எழுத்து வந்து நின்றுவிடுகிறதா? மூன்றும் வேறு வேறு கதைகள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டுச் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயிண்டில் மேசைக் காற்றாடியைச் செருகிப் பாருங்கள். நீட்டிப்புப் பலகையில் செருகியிருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகுங்கள். நம் நாட்டு மூன்று முள் பிளக்கின் உள்ளே ஒரு சிறிய பியூஸ் இருக்கிறது. பழுதானது அது மட்டும் என்றால் அதே அளவில் வேறொன்று போட்டால் முடிந்தது. பெரும்பாலான திரைகளுக்கும் மேசைக் கணினிக்கும் ஒரே வகை மின்கம்பிதான். இரண்டையும் மாற்றிச் செருகினால் கம்பியில் கோளாறா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெட்டியின் பின்புறச் சுவிட்சையும் பாருங்கள். வீடு கூட்டும்போது அது அணைந்துபோவது உண்டு. பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தியும் இருக்கும். அது 230-இல்தான் இருக்கவேண்டும். 115-இல் வைத்து நம் மின்சாரத்தைக் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துக் கருகிவிடும்.

இவை எல்லாம் சரி என்றால் மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்ததும் மீண்டும் செருகிப் பாருங்கள். மடிக்கணினிக்கும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதையே செய்யலாம். எளிமையாகத் தெரிந்தாலும் பலமுறை பலன் தரும் வழி இது. அதற்கும் அசையாவிட்டால் சந்தேகம் பவர் சப்ளையின் மேல் விழும். முந்தின இரவு இடி மின்னல் இருந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட். அந்த அளவு மின்னூட்டம் கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கியில் தங்கியிருக்கக்கூடும். அதைப் பிரிக்காமல் முழுதாக மாற்றிவிடுவதே முறை. அது எரிந்துபோனாலும் வன்தட்டில் உள்ள படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் திரையின் கம்பியைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அடுத்தது ரேம். மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேம் அட்டையை எடுத்து மீண்டும் 'டிக்' என்ற ஒலி வரும்வரை அழுத்துங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் அந்தத் தொடுமுனைகள் மங்குவது சாதாரணம். பெட்டியைத் திறக்கும்போது எறும்புக் கூட்டமோ பல்லி முட்டையோ தென்பட்டாலும் வியப்படையாதீர்கள்.

திரையில் எழுத்து வந்துவிட்டால் பாதிக்கு மேல் தப்பித்தீர்கள். துவக்கும் சாதனம் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால், பின்னால் செருகி மறந்த பென் டிரைவை முதலில் கழற்றுங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். அதன் விலை சில வெள்ளிதான். வன்தட்டு 'டக் டக்' என்று ஒலித்தால் உடனே அணைத்துவிடுங்கள்; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மீட்கக்கூடியது குறையலாம். பார்மட் என்ற பேச்சுக்கே இடம் வருவது இந்தக் கட்டத்தில்தான். அப்போதும் வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை நகல் எடுத்த பிறகே அதைச் செய்யவேண்டும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் மீட்பு எண் கேட்கும். அதை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியராக எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. தமிழ்ப்பள்ளியிலேயே நம் பிள்ளைகள் உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறிகள் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்கள். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கவேண்டும் என்று தேர்வில் பிழையின்றி எழுதுகிறார்கள். வீட்டில் கணினி நின்றதும் அதே பிள்ளை கம்பி, ரேம், மின்கலம் மூன்றையும் ஒரே மூச்சில் பிடுங்கிச் செருகுகிறான். கணினி ஓடிவிட்டால்கூட எதனால் ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நின்றால் மறுபடி மூன்றையும் பிடுங்குவான். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், நடந்ததைத் தாளில் எழுது, பிறகு அடுத்ததற்குப் போ. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தானே!

"தொடாதே, கெடுத்துவிடுவாய்" என்று பெற்றோர் தடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையைப் பிரிக்காமல், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது பதினான்கு வயதுப் பிள்ளை ரேமை எடுத்து மாட்டுவதில் என்ன ஆபத்து? ஏற்கெனவே நின்றுபோன கணினியைவிடச் சிறந்த பயிற்சிப் பொருள் எங்கே கிடைக்கும்?

இவ்வளவுக்குப் பிறகும் கணினி எழாவிட்டால் கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அங்கே வெறுமனே "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று சொல்லாதீர்கள். சுவர் பிளக்கும் கம்பியும் சரி, காற்றாடி சுற்றவில்லை, நேற்றிரவு இடி இடித்தது என்று எழுதி வைத்த தாளைக் காட்டுங்கள். தங்களைக் கேட்காமல் வன்தட்டை அழிக்கக்கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.