பெங்களூருக்கு எதற்கு விமானம்?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானம் வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். ஆனால் தியாகராய நகரில் கிளம்பும் ஒருவர் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் போய் உட்காருவதற்குள் அரை நாள் ஓடிவிடுகிறது. மீனம்பாக்கத்தில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, லேப்டாப்பை வெளியே எடுத்துக் காட்டி, கேட் திறக்கும்வரை காத்திருந்து ஏறினால், இறங்குவது தேவனஹள்ளியில். அது ஊரின் வடகோடி. எலக்ட்ரானிக் சிட்டியோ தென்கோடி. நடுவே பெங்களூர் டிராஃபிக்.

இந்தத் தூரத்துக்கு விமானமே தேவையில்லை. டெல்லிக்குப் போகிறவர் பறக்கட்டும், 2,000 கி.மீ.க்கு மேல் ரயில் விமானத்தை ஜெயிக்காது. ஜப்பானில் டோக்கியோ–ஒசாகா தடத்தில் 1964 முதல் ஷின்கான்சென் அதிவேக ரயில்தான் ராஜா. அதே ரயிலில் ஐந்து மணி நேரம் பிடிக்கும் ஃபுகுவோகாவுக்கோ பெரும்பாலோர் விமானம்தான் ஏறுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் ரயிலிடம் விமானம் தோற்கும். 621 கி.மீ. நீள மாட்ரிட்–பார்சிலோனா பாதையில் 2008இல் அதிவேக ரயில் வந்தபின் நடந்தது அதுதான்.

சென்னை–பெங்களூர் சுமார் 360 கி.மீ. 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய வந்தே பாரத்துக்கே நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சராசரி 85 கி.மீ.கூடத் தேறவில்லை. குறை வண்டியில் இல்லை. ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் ஏறும் மேடு, வளைவுகள், சரக்கு ரயிலோடு பங்குபோடும் தண்டவாளம் எல்லாம் சேர்ந்து அதன் காலைக் கட்டுகின்றன. தனிப் பாதை போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

செலவு? மும்பை–ஆமதாபாத் 508 கி.மீ. புல்லட் ரயில் பாதைக்கு முதலில் போட்ட மதிப்பீடே ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடி ரூபாய். 2017இல் அடிக்கல் நாட்டிய அந்த வேலை சொன்ன கெடுவைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனது. லேசாகத் தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் இல்லை இது. ஆனால் சென்னைக்கு இரண்டாவதாகத் திட்டமிட்ட பரந்தூர் விமான நிலையம் மட்டும் சும்மாவா வருகிறது? ஏரியும் வயலும் வீடும் போய்விடும் என்று ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். ரயிலுக்கும் நிலம் வேண்டும்தான். அதற்காக ஊரையே பெயர்க்க வேண்டியதில்லை. பெங்களூர் விமானங்களை நிறுத்தினால் மீனம்பாக்கம் ஓடுபாதையில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்ற கணக்கை அரசு மக்கள் முன் வைக்கட்டும்.

ஒரு நிபந்தனை. அந்த மும்பை–ஆமதாபாத் பாதையில் சூரத்தின் புல்லட் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே கட்டப்படுகிறது. நிலம் மலிவு என்று இங்கும் பூந்தமல்லிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால், மிச்சப்படுத்திய நேரம் ஆட்டோவிலேயே போய்விடும். இங்கே சென்ட்ரல், அங்கே மெட்ரோ கைக்கெட்டும் ஓர் இடம் என்று நிலையங்களை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் பாதையை வரையட்டும்.