கொடிவழியை எங்கே தொடங்குவது?

குடும்பத்தின் கொடிவழியை இணையத்தில் பதிவு செய்வது இன்று எளிது. மைஹெரிட்டேஜ், ஜீனி, ஃபேமிலிசர்ச் போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கி, தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் இட்டால் முதல் கிளைகள் திரையில் தோன்றிவிடும். ஆயினும், கணினியைத் திறக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பூட்டனார் காலத்துக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. கப்பலேறி வந்தவரின் சொந்த ஊர் எது, எந்தத் தோட்டத்தில் முதலில் பால் மரம் வெட்டினார் என்பதெல்லாம் பாட்டியின் நினைவில்தான் இருக்கும். அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆகவே, முதலில் பாட்டியிடம் அமர வேண்டும். ஆண்டைக் கேட்டால் விடை வராமல் போகலாம், "1957இல் சுதந்திரம் கிடைத்தபோது எந்த லயத்தில் இருந்தீர்கள், பாட்டி?" என்று கேட்டால் கதையே வரும். அதைத் திறன்பேசியில் பதிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்த சிக்கல் பெயர். இத்தளங்கள் மேலைநாட்டு வழக்கப்படி குடும்பப்பெயரைக் கேட்கின்றன. நமக்கோ தந்தையின் பெயரே தொடர்கிறது; அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' என்றோ 'அனாக் பெரெம்புவான்' என்றோ அதற்கு முன் எழுதியிருக்கும். தந்தை பெயரைக் குடும்பப்பெயராக இட்டால், தலைமுறைக்குத் தலைமுறை குடும்பமே மாறுவதுபோல் தோன்றும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே மேல். கிராணி காதால் கேட்டு எழுதிய பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள்கூட இருக்கலாம். அவற்றோடு தமிழ் எழுத்திலும் பெயரைப் பதிய வேண்டும்.

உறவுமுறை இன்னும் வேடிக்கையானது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்'தான். மாமன் மகளை மணந்தவரின் மரத்திலோ, ஒரே தாத்தா இரு கிளைகளிலும் நிற்பார். அது பிழையன்று, அழித்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் இணையத்தில் இடுவது ஆபத்து என அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சம் நியாயமே. உயிரோடு இருப்போரின் பிறந்த தேதியையும் முகவரியையும் பிறர் காணாதவாறு அமைத்துவிட வேண்டும். அவர்களது இசைவும் தேவை. ஃபேமிலிசர்ச்சில் மறைந்தோரின் பதிவுகள் பொதுவானவை. முன்பின் அறியாதவரும் அவற்றைத் திருத்தலாம். எனவே, பாட்டி சொன்னதை ஒரு குறிப்பேட்டிலும் எழுதி, யார் சொன்னார், என்று சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.