துரை ஏறிய ஜீப்பில் அப்பாயி... கொழுக்குமலைக்குப் போன பெரம்பலூர்க் குடும்பம்!

"நாலு மணிக்கு ஜீப் வந்துடும். அப்பாயி, நீ ரூம்லயே இரு. நாங்க ஒம்பது, பத்து மணிக்கெல்லாம் வந்துடுவோம்."

முந்தைய நாள் இரவே பேத்தி இப்படிச் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். காலையில் அலாரம் அடித்து எழுந்து பார்த்தால், எல்லோருக்கும் முன்னால் தயாராகி அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார் 71 வயது அப்பாயி. புடவைக்கு மேல் மகனுடைய பழைய ஸ்வெட்டர். தலையில் சுற்றிய துண்டு. மடியில் மஞ்சப்பை.

"நானும் வர்றேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூருக்குப் பக்கத்துக் கிராமம் அவர்களுடையது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். பொங்கல் முடிந்த கையோடு, சென்னையில் வேலை பார்க்கும் பேத்தி போட்ட திட்டம் இது. அப்பா, அம்மா, தம்பி, அப்பாயி என ஐந்து பேர். திருச்சி, திண்டுக்கல், தேனி, போடிநாயக்கனூர் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கடைசியில் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதிலேயே அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி. அப்பாயி மட்டும் ஜன்னலோரம் அசையாமல் வந்தார்.

ஆனாலும், ஜீப் என்பது வேறு கதை. அதனால்தான் பேத்திக்குப் பயம்.

தமிழ்நாட்டு மலை... கேரளா வழி!

கொழுக்குமலை தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் தாலுகாவில் இருக்கிறது. அதாவது, நம் மாநிலம். ஆனால், வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்து, இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் அடிவாரத்தில் குரங்கணி இருந்தாலும், அங்கிருந்து மேலே வருவது நடைபாதை மட்டும்தான்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்ளும் எஸ்டேட் இது. சூரியநெல்லியிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான். ஆனால், போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதை அப்படி! தார் கிடையாது. தலை அளவு கல், பள்ளம், மறுபடியும் கல்.

சொந்தக் காரை இந்தப் பாதையில் விடுவதில்லை. உள்ளூர் ஜீப், உள்ளூர் டிரைவர். அவர்தான் வழிகாட்டி, அவர்தான் பாதுகாப்பு.

"அம்மா முன்னாடி உட்காரட்டும்!"

ஜீப் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய டிரைவர். டார்ச் வெளிச்சத்தில் அப்பாயியைப் பார்த்ததும் நேராக மகனிடம் கேட்டார்.

"அண்ணே, அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஏதும் பண்ணியிருக்கா?"

"இல்லைங்க."

"நெஞ்சு வலி, மயக்கம்?"

"பிரஷருக்கு மாத்திரை போடுறாங்க. மத்தபடி முட்டி வலிதான்."

"முட்டின்னா பரவால்ல. முதுகு, நெஞ்சுன்னா நான் ஏத்த மாட்டேன். அம்மா முன்னாடி உட்காரட்டும், அங்க குலுங்கல் கம்மி. முடியலைன்னா உடனே சொல்லச் சொல்லுங்க, நிறுத்திடுவேன்."

இந்தக் கேள்விகளை எல்லா டிரைவர்களும் கேட்பதில்லை. அவர்கள் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். பின்சீட்டில் எதிரெதிராக உட்காருகிறவர்களுக்கு ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில்தான் இறங்கும். கர்ப்பிணிகள், தண்டுவட டிஸ்க் பிரச்னை உள்ளவர்கள், இதய நோயாளிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

"முன்னாடியா? நானா?" என்று கேட்டுவிட்டு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார் அப்பாயி. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கண்டிச் சீமைக் கதை

அப்பாயி ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்பது அவர் மகனுக்குத் தெரியும். பேத்திக்குத்தான் தெரியாது.

அப்பாயியின் அப்பா பிறந்தது இலங்கையில், கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நம் ஊர்ப் பக்கம் அதைக் 'கண்டிச் சீமை' என்பார்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதுதான் அங்கே பெரிய அளவிலான தேயிலைச் சாகுபடிக்குத் தொடக்கம். அந்த மலைகளில் கொழுந்து கிள்ள ஆட்கள் போனது தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து. பழைய திருச்சி மாவட்டம் அதில் முக்கியமானது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் எல்லாம் 1995 வரை அந்தத் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள்தான்.

அப்பாயியின் அப்பா இளவட்டமாக இருக்கும்போதே ஊர் திரும்பிவிட்டார். அவருடைய தங்கை அங்கேயே கல்யாணமாகித் தங்கிவிட்டார். 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டன. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

அப்பா சொன்ன கதைகளில் ஒன்று மட்டும் அப்பாயிக்கு அப்படியே நினைவிருக்கிறது. தோட்டத்து ரோட்டில் துரை மட்டும் வண்டியில் வருவார். கொழுந்துக் கூடையோடு நடந்து போகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அப்பாயி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பல தடவை கேட்ட கதை.

தேயிலைச் செடியை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

"இது லயமா தம்பி?"

ஜீப் ஏற ஆரம்பித்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் கல், மண், இரண்டு பக்கமும் செடி. பேத்தி பின்னாலிருந்து வீடியோ எடுக்க முயன்று போனைக் கீழே போட்டார். தம்பியின் தலை மேல்கம்பியில் இடித்தது.

டிரைவர் குட்டையான இன்னொரு கியர் கம்பியை இழுத்தார். "ஃபோர் வீல் போட்டாச்சு" என்றார். சாதாரண வண்டியில் இன்ஜின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். ஃபோர் வீலில் நான்குக்கும் போகும். ஒரு சக்கரம் கல்லில் வழுக்கினாலும் மற்றவை இழுத்துக்கொள்ளும். அதோடு லோ கியரும் சேர்ந்தால் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். ஆனால், இழுவை பல மடங்கு கூடும். இறங்கும்போதும் இதே கதைதான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். லோ கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும்.

ஒரு வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா கத்திவிட்டார். அப்பாயியிடமிருந்து சத்தமே இல்லை.

"அத்தை! அத்தை! என்ன பண்ணுது?"

டிரைவர் உடனே வண்டியை நிறுத்தினார். அப்பாயி வெளியே கையைக் காட்டினார். சரிவில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டு வீடுகள்.

"இது லயமா தம்பி?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். சுற்றுலா வருகிறவர்கள் யாரும் கேட்கிற வார்த்தை இல்லை அது.

"ஆமாம்மா, லயம்தான். நானும் இந்த மாதிரி லயத்துலதான் பொறந்தேன். எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா சொல்லுவாரு. கண்டியில அவரு பொறந்த வூடு."

அதற்குப் பிறகு மேலே போகும்வரை இருவரும்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "நாங்க டூரிஸ்ட்டை மட்டும் ஏத்துறதில்லம்மா. நடுராத்திரியில யாருக்காவது பிரசவ வலி எடுத்தாலும் இந்த ரோடுதான், இந்த ஜீப்புதான்" என்றார் டிரைவர். நமக்கு ஒரு நாள் சாகசமாகத் தெரிகிற குலுங்கல், மலையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி.

கடல் இல்லாத தீவு

ஜீப் நின்ற இடத்திலிருந்து சிங்கப்பாறைக்கு நடக்க வேண்டும். அப்பாயியும் மகனும் ஜீப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்கள். மற்ற மூவரும் போனார்கள்.

விடிந்தபோது காலடியில் மேகம். வெள்ளைக் கடல் மாதிரி விரிந்து கிடக்க, நடுவே மலை உச்சிகள் மட்டும் தலைநீட்டின. ஒரு பக்கம் 2,640 மீட்டர் மீசப்புலிமலை. இப்படிப்பட்ட உயரங்களை ஆய்வாளர்கள் 'வான் தீவுகள்' என்கிறார்கள். அது வெறும் வர்ணனை இல்லை. உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் குளிரும். கீழே வெப்பச் சமவெளி. உச்சியில் வாழும் சின்னப் பறவைகள் அந்தச் சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவதில்லை. அதனால் பல லட்சம் ஆண்டுகளில் மலைக்கு மலை தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. நீலகிரியில் இருக்கும் சோலைக்கிளி வேறு, ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பது வேறு.

இதே சரிவுகளில்தான் 2018-ல் குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030.

மறக்கக் கூடாத சரிவு

அதே 2018-ஐ இந்த மலை வேறொன்றுக்காகவும் மறக்காது. மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் குரங்கணியிலிருந்து நடந்து ஏறிய மலையேற்றக் குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். இளைஞர்களும் பெண்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது.

அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, வனத்துறையின் அனுமதி, பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று 40 பாதைகளை அறிவித்தது. ஜீப் சவாரிக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்ததும் உண்டு.

அந்தச் சரிவைக் காட்டி டிரைவர் இதைச் சொன்னபோது, தம்பி எடுத்துக்கொண்டிருந்த ரீல்ஸை நிறுத்திவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு...

* கிளம்பும் முன் ஜீப் சவாரிக்கு அன்றைக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் தவிர்த்துவிடலாம்.
* கட்டணம் ஜீப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஏறும் முன்பே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்டேட்டில் நுழைவுக் கட்டணம் தனி.
* ஒரு ஜீப்பில் ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்ப்பது கூடவே கூடாது. ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும்.
* காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். பிஸ்கட், தண்ணீர், ஸ்வெட்டர், குல்லா போதும்.
* மேலே நிற்கும் வண்டியில் ஏறி போட்டோ எடுப்பது, பாறை விளிம்புக்குப் போவது, சிகரெட் பற்றவைப்பது மூன்றுமே ஆபத்து.
* 'வேகமா போங்க' என்று டிரைவரைத் தூண்டாதீர்கள். 'மெதுவா போங்க' என்று சொல்லத் தயங்காதீர்கள்.

முன்சீட்டு

இறங்கும் வழியில் தொழிற்சாலை. 1930-களில் தொடங்கியது. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலிக்கும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறை. பேத்தி ஒவ்வொரு இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பாயி வெளியே தேயிலைச் செடி ஓரமாக நின்றிருந்தார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டு, இரண்டு இலையும் ஒரு குருத்துமாக ஒன்றே ஒன்று கிள்ளினார். முகர்ந்து பார்த்தார்.

"வாசமே இல்லையே?"

"வறுத்தாத்தான் வாசம் வரும்க்கா" என்று சிரித்தார் அந்த அம்மா.

ஜீப் மறுபடி கிளம்பியது. கீழே ஒரு வளைவில், தலையில் மூட்டையோடு நான்கைந்து பெண்கள் எதிரே வந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அப்பாயி டிரைவரின் கையைத் தொட்டார்.

"தம்பி, நிறுத்து. அவங்க போவட்டும் மொதல்ல."

ஜீப் நின்றது. அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போனார்கள். கடைசியாகப் போனவர் முன்சீட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாயியும் தலையசைத்தார்.

இரவு ஊர் வந்து சேர்ந்ததும், முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி பேத்தி கேட்டார். "அப்பாயி, உங்கப்பா சொன்ன மாதிரியே இருந்துச்சா?"

"ஊரு வேற. ரோடு அதே ரோடுதான்" என்றார் அப்பாயி. மஞ்சப்பையிலிருந்து அந்த இரண்டு இலையையும் குருத்தையும் எடுத்து, சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தின் சட்டத்தில் செருகி வைத்தார்.