வாப்பாவின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம்

ஃபஜ்ர் தொழுகைக்குக் கிளம்பிய பெரியவர், வீடு திரும்பும் வழியை மறந்து நிற்கிறார். காயல்பட்டினம் போன்ற தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, வீட்டில் முதியவர்களே மிஞ்சுகின்றனர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

இதற்குக் கருவிகள் வந்துவிட்டன. சிம் பொருத்திய ஜிபிஎஸ் கடிகாரம், குறித்த எல்லையைத் தாண்டினால் பிள்ளையின் போனுக்குத் தகவல் அனுப்பும். கதவு சென்சார், நள்ளிரவில் வாசல் திறப்பதைச் சொல்லும். நல்லவைதான். ஆனால் நெருக்கமான முடுக்குகளில் ஜிபிஎஸ் பிசகும். சார்ஜ் தீர்ந்தால் நின்றுவிடும். துபாயில் இருக்கும் மகனுக்கு எச்சரிக்கை போனாலும், கைபிடித்து அழைத்துவர உள்ளூரில் ஒருவர் வேண்டும்.

இன்னொன்று கண்ணியம். படுக்கையறையில் கேமரா வைத்து உறவினர் எல்லோரும் போனில் பார்ப்பது பாதுகாப்பு ஆகாது. நோய் முற்றும் முன்பே வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சம்மதிப்பதை மட்டும் வைப்போம். முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக்கூடக் காட்டக் கூடாது என்பது இறைக்கட்டளை (அல்குர்ஆன் 17:23). கண்காணிப்பும் அந்த அதபுக்கு உட்பட்டதே.

மறதி தொடங்கியதும் மருத்துவரிடம் காட்டுவோம். தைராய்டு கோளாறு, பி12 குறைபாட்டால் வரும் மறதி சிகிச்சையில் சீராகலாம். சட்டைப்பையில் பெயரும் போன் எண்ணும் வைப்போம். முதியோர் உதவி எண் 14567, அவசர எண் 112 இரண்டையும் வீட்டில் எழுதி வைப்போம். ஜமாஅத்துகள் தெருவுக்கு இருவரைப் பொறுப்பாக்கலாம். எந்த வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருக்கிறார் என்று இந்த ஜும்ஆவிலேயே விசாரிப்போம்.